உறைக்குள் பாய்த்தடம்: வெளியே வர மறுத்த ஒரு ஸ்டென்ட்

ஏப்ரல் கடைசி வாரம். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் போன் வந்தது. கால் தமனியில் அடைப்பைத் திறந்து வைக்க நாங்கள் செய்யும் கண்ணிக் குழாயான ஸ்டென்டைப் பயன்படுத்தும் ஒரு மருத்துவமனையின் கேத் லேப் (ரத்தக்குழாய் வழியாகக் கருவி விட்டுச் சிகிச்சை செய்யும் அறை) டெக்னீஷியன். "சார், மொதல்ல வரவே மாட்டேன்னுச்சு. டாக்டர் கொஞ்சம் பலமா இழுத்தாரு. டக்குனு ஒரே குதி. எட்டு மில்லிமீட்டர் முன்னாடி போய் உக்காந்துடுச்சு."

நோயாளி அறுபதைத் தாண்டியவர், நெடுநாள் சர்க்கரைக்காரர். நூறடி நடந்தால் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். தொடைத் தமனியில் அடைப்பு. இடது தொடை இடுக்கில் துளையிட்டு, வயிற்றுப் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் கவட்டையைச் சுற்றிக்கொண்டு, வலது தொடைக்குள் இறங்கியிருக்கிறார்கள். இது வழக்கமான பாதைதான். 6 மி.மீ. விட்டமும் 120 மி.மீ. நீளமும் உள்ள எங்கள் ஸ்டென்ட் அடைப்பின் மேல் விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். 8 மி.மீ. கீழே தள்ளி விழுந்ததால் மேலே அந்த அளவுக்கு நோயுள்ள சுவர் திறந்தே கிடந்தது. டாக்டர் இன்னொரு குட்டி ஸ்டென்டை மேலே ஒட்டினாற்போல் வைத்து மூடிவிட்டார். மறுநாள் அந்தப் பெரியவர் நடந்தே வார்டைச் சுற்றினார். அவருக்குக் கேடு ஒன்றும் வரவில்லை என்பதால்தான் இதை இப்படி ஆற அமர எழுத முடிகிறது.

எட்டு மில்லிமீட்டர் பெரிய விஷயமா என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார். பெரிய விஷயம்தான். மூடாமல் விட்ட இடம் மறுபடி அடைக்கும். இரண்டு ஸ்டென்ட் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடம் விறைப்பாகிவிடும். தொடைத் தமனியோ உட்கார, எழ, மாடி ஏற என்று நாள் முழுக்க முறுக்கும் வளைவும் படுகிற இடம். 2005-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, ஸ்டென்ட் வைத்த 121 கால்களில் 45-இல் ஏதோ ஓர் இடத்தில் கம்பி உடைந்திருந்தது. அது பழைய தலைமுறை ஸ்டென்ட். இப்போதுள்ளவை எவ்வளவோ மேல். ஆனாலும் இறக்கும்போதே இழுபட்டோ நசுங்கியோ உட்கார்ந்த ஸ்டென்ட் சீக்கிரம் களைத்துப்போகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பட்டறை ஓசூர் சிப்காட்டில் இருக்கிறது. சின்ன நிறுவனம். கைக்கடிகாரப் பாகங்கள் செய்து பழகிய கைகள் இந்த ஊரில் நிறைய உண்டு. எங்கள் டூல்ரூம் அண்ணன் அப்படி வந்தவர்தான். மைக்ரானை அவர் கண்ணாலேயே அளப்பார் என்று சொல்வோம், பாதி உண்மை. நான் காவேரிப்பட்டணத்துக்காரன். டிசைன் என் பொறுப்பு. ஆகவே இந்தக் குதியும் என் பொறுப்பு.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தோம். அந்த லாட்டில், அதாவது ஒன்றாகச் செய்த அந்தத் தொகுதியில், விற்காமல் இருந்ததை எல்லாம் நிறுத்திவைத்தோம், சம்பவத்தை மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவித்தோம். 2015 ஜூலையில் காசியாபாத்தை மையமாகக் கொண்டு தொடங்கிய திட்டம் அது. பலர் இதைத் தண்டனை மனு மாதிரி நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு படிவம், அவ்வளவுதான்.

காளையும் வாடியும்

ஸ்டென்ட் என்றதும் நம் ஆட்களுக்கு நெஞ்சுதான் ஞாபகம் வரும். இதயத் தமனியில் வைப்பது பெரும்பாலும் பலூனால் விரிவது. கோபால்ட்-குரோமியக் கண்ணிக் குழாயை மடித்த பலூன்மேல் இறுக்கி அமுக்கியிருப்பார்கள். டாக்டர் பலூனை ஊதுவார், உலோகம் விரிந்து அப்படியே நிற்கும். அங்கே உள்ள கவலை, போகும் வழியில் ஸ்டென்ட் பலூனைவிட்டு நழுவிவிடக் கூடாது என்பது. 1994-இல் அமெரிக்காவில் இதயத் தமனிக்கு அனுமதி பெற்ற பால்மாஸ்-ஷாட்ஸ் காலத்தில் பல டாக்டர்கள் ஸ்டென்டைத் தங்கள் விரலாலேயே பலூன்மேல் அழுத்தி ஏற்றினார்கள். நழுவியதும் உண்டு.

அந்த வகையைத் தொடையில் வைத்தால் ஒரு நாள் யாராவது தெரியாமல் அழுத்தினாலே நசுங்கிய டால்டா டப்பா மாதிரி அப்படியே கிடக்கும். அதனால் இங்கே நிட்டினால். நிக்கலும் டைட்டானியமும் கிட்டத்தட்டச் சரிபாதி அணுக்கள் சேர்ந்த கலவை. பெயரின் கடைசி ஆங்கில எழுத்துகள் (NOL) 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வில்லியம் பியூலர் இதைக் கண்டெடுத்த அமெரிக்கக் கடற்படை ஆயுத ஆய்வகத்தின் சுருக்கம். மெல்லிய குழாயை லேசரில் கண்ணி கண்ணியாக வெட்டி, படிப்படியாகப் பெரிய உருளைகளில் ஏற்றி, 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்து "உன் வடிவம் இதுதான்" என்று அதற்குச் சொல்லிவிடுவோம். அப்புறம் மின்வேதி முறையில் பாலிஷ். பின்னர் ஐஸில் நனைத்தால் ஈயக் கம்பி மாதிரி இளகும். அப்போது சுருக்கி உறைக்குள் தள்ளிவிடலாம். உடல் சூட்டில் பழைய வடிவத்துக்குத் துள்ளும்.

குளிர வைத்து நுழைப்பது, சூட்டில் விரியவிடுவது என்ற இந்த உத்தி பழசு. 1983-இல் சார்ல்ஸ் டாட்டர் குழுவும் ஆண்ட்ரூ கிராக் குழுவும் தனித்தனியாக நாய்களின் தமனிகளில் நிட்டினால் சுருளை இறக்கிப் பார்த்தபோதே வெப்பநிலைதான் அவர்களின் சாவியாக இருந்தது. இந்த வழக்கிலும் கடைசியில் அந்தச் சாவியிடமே வந்து சேர்ந்தோம். நேராக வரவில்லை, சுற்றித்தான் வந்தோம்.

எருது விடும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். காளைக்கு ஓட யாரும் கற்றுத்தர வேண்டாம். வாடியில் அடக்கி நிறுத்துவதும், திறக்கிற நேரத்தில் ஒழுங்காகத் திறப்பதும்தான் பாடு. நிட்டினால் ஸ்டென்டும் பெட்டியில் போட்ட நாளிலிருந்து விரியத் துடித்துக்கொண்டேதான் இருக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பது ஓர் உறை. வெளி விட்டம் 2 மி.மீ., அதாவது கேத் லேப் கணக்கில் 6 ஃபிரெஞ்ச். உள்ளே வழுக்கலுக்கு டெஃப்லான் லைனர், அதன்மேல் மெல்லிய எஃகுப் பின்னல், அதன்மேல் நைலான் வகைப் பிளாஸ்டிக். உறையின் நடுவே ஒரு தண்டு. அதன் நுனிப் பக்கத்தில் ஸ்டென்ட், ஸ்டென்டின் முதுகில், அதாவது பின்முனையை ஒட்டி, ஒரு தடுப்பு வளையம். டாக்டர் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு உறையைத் தன் பக்கம் இழுப்பார். உறை பின்வாங்க வாங்க ஸ்டென்ட் நுனியிலிருந்து பூ மாதிரி விரியும்.

குதி எப்படி வருகிறது என்றால், உறையும் ஸ்டென்டும் ஒட்டிக்கொண்டுவிட்டால் டாக்டர் இழுக்கிற இழுப்பு நுனிக்குப் போய்ச் சேராது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள உறை ரப்பர் மாதிரி நீளும். உள்ளே தண்டு அழுந்தி, கவட்டை வளைவில் பாம்பு மாதிரி நெளியும். கையில் இரண்டு சென்டிமீட்டர் வந்திருக்கும், நுனியில் ஒன்றுமே நடந்திருக்காது. திடீரென்று ஒட்டு விடும்போது சேர்த்துவைத்த நீட்சியும் நெளிவும் ஒரே நொடியில் வெளியேறும். தண்டு ஸ்டென்டை முன்னால் உதைத்துவிடும்.

கடைசியில் இன்னொரு குதி உண்டு, அது வேறு ரகம். ஸ்டென்டின் வால் மட்டும் உறைக்குள் இருக்கும்போது, விரிந்துவிட்ட முன்பாகம் வாலைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். வெளிநாட்டுப் பொறியாளர்கள் இதற்குத் தர்பூசணி விதையை உதாரணம் சொல்வார்கள். எங்கள் பட்டறையில் மாங்கொட்டை என்றுதான் பேச்சு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கொட்டை விரலிடுக்கிலிருந்து வழுக்கித் தெறிக்காத கை எது!

சந்தேகம் போன வழி

திரும்பி வந்த கருவியைக் கிருமிநீக்கம் செய்துவிட்டு மேசையில் வைத்தபோது எல்லோருக்கும் முதல் சந்தேகம் உலைமேல். நிட்டினால் முழுமையாகத் தன் துள்ளல் நிலைக்கு வரும் வெப்பநிலையை ஏ-எஃப் என்போம். உலைச் சூட்டிலும் நேரத்திலும் சிறிது பிசகினாலும் அது மாறும். கலவையில் நிக்கல் அணு விகிதம் 0.1 சதவீதம் நகர்ந்தாலே மாற்ற வெப்பநிலை சுமார் 10 டிகிரி நகரும். ஏ-எஃப் எதிர்பார்த்ததைவிடக் கீழே இருந்தால் ஸ்டென்ட் அதிக முரட்டுத்தனத்தோடு உறையைத் தள்ளும். கதை பொருந்தியது. அதனாலேயே அதை நம்பிவிட்டோம்.

இரண்டு வாரம் அதில் போயிற்று. அந்த லாட்டின் மாதிரித் துண்டுகளைக் குளிர்த்து வளைத்து, மெல்லச் சூடாக்கி, எந்த டிகிரியில் நிமிர்கின்றன என்று திரும்பத் திரும்பப் பார்த்தோம். எல்லாம் வரம்புக்குள். உலைப் பதிவேடு சுத்தம். உலை அண்ணன் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுவும் நியாயம்தான். கைப்பிடியின் பசை இணைப்பு, உறை சப்ளையரின் அளவுகள், எல்லாவற்றையும் பார்த்தோம். எதிலும் குற்றமில்லை.

அப்புறம்தான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். உறையின் நுனியில் ஸ்டென்ட் படுத்திருந்த பாகத்தைத் தனியே நறுக்கி, பிளேடால் நீளவாக்கில் பிளந்து, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே விரித்தேன். வெண்மையான டெஃப்லான் லைனரில் கண்ணி கண்ணியாகப் பள்ளம். ஒவ்வொரு கம்பி வளைவும், அதன் முனையிலிருக்கும் கொண்டையும் அச்சு எடுத்தாற்போலப் பதிந்திருந்தன. கொண்டைகள் இருந்த இடத்தில் பள்ளம் ஆழம். பள்ளத்தின் ஓரத்தில் லைனர் வரப்பு மாதிரி மேலெழும்பியிருந்தது. உறையை இழுக்கும்போது ஒவ்வொரு கொண்டையும் இந்த வரப்பில் ஏறி இறங்க வேண்டும்.

ஸ்டென்டை உறைக்குள் ஏற்றும் லோடிங் மேசையில் பல வருடமாக இருக்கும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "பாயில படுத்து எந்திரிச்சவன் கன்னத்துல பாய்த்தடம் இருக்குமே, அதே மாதிரி இருக்கு தம்பி."

"நீங்க லோடு பண்ணும்போதே இப்படித்தான் பதியுமாக்கா?"

"இல்லப்பா. லோடு பண்ணி உடனே பிரிச்சா ஒரு கோடு கூட இருக்காது. கொஞ்ச நேரம் படுத்தா பாய்த்தடம் விழுமா? நல்லா தூங்கணும்."

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். மார்கழி காலையில் ஏ.சி. போடுவதற்கு முன்பே உறைக்குள் சுலபமாக வழுக்கிப் போகிறதாம். மே மாதம் கரண்ட் போய் ஏ.சி. நின்றால் கையில் முரண்டு பிடிக்கிறதாம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். மார்கழிக் காலைக் குளிர் வேறு. நாங்கள் இதையெல்லாம் பரிசோதனை அறையின் சௌகரியம் என்று மட்டும் நினைத்திருந்தோம்.

எங்கே தூங்கியது?

எந்த லாட்டானாலும் சில பீஸ்களை நாங்களே எடுத்து வைத்துக்கொள்வது விதி. அதே லாட்டில் எங்கள் தரக்கட்டுப்பாட்டு அறையில், 22 டிகிரியில் இருந்த பீஸ்களை இழுத்துப் பார்த்தோம். வெண்ணெய் மாதிரி வந்தன. விநியோகஸ்தரிடமிருந்து திரும்பி வந்த அதே லாட் பீஸ்கள் முரண்டு பிடித்தன. லாட் ஒன்று, உலை ஒன்று, லோடு செய்த கையும் ஒன்று. வேறுபட்டது அவை இருந்த இடம்தான்.

ஒரு வெப்பப் பதிவுக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிளம்பினேன். கிருஷ்ணகிரி தாண்டி இறங்க இறங்கக் காற்றின் சூடு மாறுவது பஸ் ஜன்னலிலேயே தெரியும். விநியோகஸ்தரின் குடோன் தர்மபுரியில். சுத்தமான இடம்தான், ஆனால் தகர ஷீட் கூரை. எங்கள் பெட்டிகள் மேல் ராக்கில், கூரைக்கு ஒரு கை தூரத்தில். குடோன் பார்த்துக்கொள்ளும் பையன் கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னான்: "ஃபேன் போட்டுத்தான் வச்சிருக்கோம் சார்." வியர்க்கிற ஆளுக்குத்தான் ஃபேன் சுகம்; வியர்க்காத பெட்டிக்கு அது சூடான காற்றைச் சுற்றிவிடுவதோடு சரி. பத்து நாள் விட்டு எடுத்த பதிவில், மதியம் ஒன்று முதல் நாலு வரை மேல் ராக் 47 டிகிரியைத் தொட்டுத் தொட்டு இறங்கியிருந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பெட்டிமேல் என்ன அச்சடித்திருந்தோம்? "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்." எத்தனை டிகிரி வரை என்று ஓர் எண் இல்லை. தர்மபுரியில் மே மாதம் குளிர்ந்த இடம் எது என்று அவர் யாரிடம் கேட்பார்?

கணக்கு இதுதான். நிட்டினால் துள்ளல் நிலையில் இருக்கும்போது ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அதன் தள்ளு அழுத்தம் சுமார் 6 மெகாபாஸ்கல் கூடும். 25 டிகிரியில் வடிவமைத்துவிட்டு 47-இல் வைத்தால் 130 மெகாபாஸ்கலுக்கு மேல் கூடுதல். அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்வது தலைமுடியைவிட மெல்லிய டெஃப்லான் படலம். டெஃப்லானின் வழுக்கல் எல்லோருக்கும் தெரியும், தோசைக்கல்லில் பார்த்திருப்போம். அதன் இன்னொரு குணம் சமையலறையில் தெரியாது: தொடர்ந்து அழுத்தினால் சூடில்லாமலே மெல்ல மெல்ல ஒதுங்கி வழியும். சூட்டில் இன்னும் வேகமாக. ஆக, வெயிலில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மோசமாகிறது. தள்ளுகிறவன் முரடாகிறான், தாங்குகிறவன் இளகுகிறான்.

இதற்கு முன்பே இன்னொரு சூடும் உண்டு. கிருமிநீக்கத்துக்கு எத்திலீன் ஆக்சைடு வாயுவில் வைக்கும்போது எங்கள் சுழற்சியில் 50 டிகிரிக்கு மேல் பல மணி நேரம். அதாவது எந்தப் பீஸானாலும் முதல் பாய்த்தடத்தோடுதான் பெட்டிக்குப் போகிறது.

மேசை டிராயரில் இருந்த பதில்

இந்த இடம் எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எங்கள் ஸ்டென்டுக்கு இரண்டு வருட ஆயுள் போட்டிருந்தோம். இரண்டு வருடம் காத்திருக்க முடியாது என்பதால் துரித மூப்புச் சோதனை செய்வது வழக்கம். எஃப் 1980 என்ற தரமுறைப்படி, 10 டிகிரி கூடினால் மூப்பு இரட்டிப்பு வேகம் என்று கொள்வார்கள். 25 டிகிரியில் இருக்க வேண்டியதை 55-இல் வைத்தால் எட்டு மடங்கு. இரண்டு வருடம் 91 நாளில் முடிந்துவிடும். நாங்களும் செய்தோம். அந்தப் பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன்.

மூத்த பீஸ்களில் இழுவிசை கூடியிருந்தது. அறிக்கை அதை மறைக்கவில்லை. கீழே ஒரு வரி: "இது 55 டிகிரிச் சூட்டின் செயற்கை விளைவு, நிஜச் சேமிப்பில் இந்த அளவுக்கு வராது, வரம்புக்குள் உள்ளதால் ஏற்கத்தக்கது." மூன்று கையெழுத்து. நடுவில் இருப்பது என்னுடையது.

அந்த வரி முழுப் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். எஃப் 1980 பிளாஸ்டிக்கும் பசையும் வேதியியல் ரீதியாகக் கிழடாவதைக் கணிக்கும் கணக்கு. கம்பி லைனரில் புதைவது வேறு சமாசாரம். 55 டிகிரியில் ஸ்டென்ட் தள்ளும் தள்ளலே வேறு. ஆகவே அறைச் சூட்டில் இரண்டு வருடம் இருப்பதைவிட 55-இல் 91 நாள் இருப்பது அதிகம் புதைக்கும். இது மிகை என்று நாங்கள் சொன்னது சரி. அறைச் சூட்டில் இருக்கும் பெட்டிக்கு மட்டும் சரி. எந்த அறை என்று நாங்கள் கேட்கவில்லை. தர்மபுரித் தகரக் கூரை எங்கள் மிகையை நிஜமாக்கிவிட்டது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. மூத்த பீஸ்களை இழுத்துப் பார்த்தது அறைச் சூட்டில், நேராகப் படுக்கவைத்து. 37 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில், கவட்டை வளைவுள்ள கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு இழுத்துப் பார்த்தது புதிய பீஸ்களை. இரண்டும் ஒன்றுசேர்ந்த நிலையை, அதாவது மூத்த பீஸை உடல் சூட்டில் வளைவுக்குள் இழுப்பதை, யாரும் செய்யவில்லை. நோயாளிக்கு நடப்பதோ அந்த ஒன்றுதான்.

உட்கார்ந்து செய்தோம். புதிய பீஸ், நேர்க்கோடு, 22 டிகிரி: இந்த இழுவிசையை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வரம்பு 3. புதிய பீஸ் வளைவில் 37 டிகிரியில் 1.7. மூத்த பீஸ் நேராக 22-இல் 1.6. யாராவது கெட்டிக்காரத்தனமாக இரண்டையும் பெருக்கிப் பார்த்திருந்தாலும் 2.7தான், வரம்புக்குள் தேறியிருக்கும். நிஜத்தில் மூத்த பீஸ் வளைவில் 37-இல் கொடுத்தது 3.9.

பெருக்கலைத் தாண்டிய அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி. வளைவில் உராய்வு கூடுவது தெரிந்த கதை. போர்வெல்லில் மோட்டார் இறக்குகிறவர்கள் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஒற்றைக் கையால் பிடிப்பார்கள் இல்லையா, அதே கணக்கு. மிச்சத்துக்குக் காரணம் தடுப்பு வளையம். உறை பின்னால் போகும்போது ஸ்டென்டையும் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது; முதுகில் இருக்கும் வளையம் மட்டும் அதைத் தாங்குகிறது. பாவாடைக்கு நாடா கோர்க்கும்போது துணி ஓரிடத்தில் குமிந்து தடிக்குமே, அது மாதிரி ஸ்டென்ட் முதுகுப் பக்கம் குமிகிறது. குமிந்தால் விட்டத்தில் உப்பும். உப்பினால் லைனரை இன்னும் அழுத்தும். அழுத்தினால் உராய்வு கூடும், இன்னும் குமியும். கொஞ்சம் ஒட்டியிருந்தால் இந்தச் சுழல் தொடங்காமலே நழுவிவிடும். ஓர் அளவு தாண்டினால் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். 3.9 அந்தப் பூட்டின் விலை.

எதை மாற்றுவது

நிர்வாகத்தின் முதல் யோசனை கைப்பிடியை மாற்றுவது. கட்டைவிரலால் சுற்றும் சக்கரம் வைத்தால் பல்சக்கர உதவியில் எவ்வளவு முரண்டானாலும் இழுத்துவிடலாம். மலிவு, சீக்கிரம், பார்க்கவும் நவீனம். நான் எதிர்த்தேன். ஒட்டிக்கொண்டிருப்பது ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். உறை நீள்வது நீண்டுகொண்டேதான் இருக்கும். டாக்டர் கைக்கு மட்டும் தெரியாமல் போகும். சம்பவம் நடந்த மருத்துவமனை டாக்டரிடமே கேட்டேன். "சக்கரம் இருந்தா சௌகரியம்தான். ஆனா அன்னைக்கு ஏதோ சரியில்லன்னு என் கைதான் எனக்குச் சொல்லுச்சு. அதனாலதான் அடுத்த ஸ்டென்டை ரெடியா எடுத்து வைக்கச் சொன்னேன்" என்றார். அந்த வாக்கியத்தை மீட்டிங்கில் அப்படியே வாசித்தேன்.

ஏ-எஃப்பை ஐந்து டிகிரி ஏற்றலாம் என்றார் உலை அண்ணன் (அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்). பெட்டிக்குள் 30 மெகாபாஸ்கல் குறையும். காலுக்குள்ளும் அதே 30 குறையும், அங்கே அது வேலை செய்ய வேண்டிய பலம். வேண்டாம் என்று விட்டோம்.

கொண்டைகளின் ஓரத்தை இன்னும் மழுங்கடிக்க பாலிஷ் நேரத்தைக் கூட்டிப் பார்த்தோம். கம்பி அகலம் 5 சதவீதம் தேய்ந்தால் விறைப்பு 14 சதவீதம் போய்விடும், ஏனென்றால் அகலத்தை மூன்று முறை பெருக்கிய கணக்குக்கு ஏற்ப அது மாறும். அதனால் லேசரில் வெட்டும்போதே சற்று அகலமாக வெட்டி, பாலிஷில் தேய்த்து, பழைய அகலத்துக்கே கொண்டுவந்தோம். கொண்டை உருண்டையாயிற்று, விறைப்பு அப்படியே நின்றது. உறையின் நுனிப் பக்கம் மட்டும் வெளிப் பிளாஸ்டிக்கைக் கெட்டியான ரகத்துக்கு மாற்றி, எஃகுப் பின்னலை நெருக்கினோம். லைனருக்குப் பின்னால் சுவர் கெட்டியாக இருந்தால் அது ஒதுங்க இடமில்லை.

பெரிய மாற்றம் தண்டில். முதுகில் ஒரே வளையம் தாங்குவதற்குப் பதிலாக, ஸ்டென்டின் நீளம் முழுக்க அடியில் மெத்தை மாதிரி சின்னச் சின்னப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் தன் பங்குக்குச் சில கண்ணிகளைப் பிடித்துக்கொள்ளும். முதுகில் குமிய வழியில்லை. கேட்கச் சுலபம். முதல் ரப்பர் ரகம் புதிதில் பிரமாதமாக வேலை செய்தது. அடுப்பில் மூப்பாக்கி எடுத்தால் ஸ்டென்டோடு பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. விரிந்த ஸ்டென்ட் இரண்டு கண்ணியைத் தண்டோடு பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றதைக் கண்ணாடிக் குழாயில் பார்த்தபோது எங்களில் யாரும் பேசவில்லை. தமனிக்குள் அது நடந்தால் தண்டை வெளியே எடுக்கவே முடியாது. குதித்த ஸ்டென்டைவிட அது பல மடங்கு ஆபத்து. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கூட்டிவருவது இந்தத் தொழிலில் இப்படித்தான்.

வழி சொன்னது டூல்ரூம் அண்ணன். "ஒட்டுறது பரப்புலதானே ஒட்டுது? பரப்பையே குறைச்சிடு." பட்டையின் மேற்பரப்பை வழவழப்பாக விடாமல், கெட்டியான ரகத்தில், ஆட்டுக்கல் கொத்தினாற்போலப் புள்ளி புள்ளியாக அச்சு எடுக்கச் சொன்னார். கண்ணி அந்தப் புள்ளிகளில் மட்டும் அமர்ந்தது. பிடியும் இருந்தது, ஒட்டும் இல்லை. அச்சுக்கான பித்தளை உருளையை அவரே இரண்டு நாள் உட்கார்ந்து செய்தார்.

பெட்டியில் இப்போது வெப்பமானிப் படமும் அதற்கு மேலே ஓர் எண்ணும் இருக்கிறது: 40. கோடையில் அனுப்பும் பெட்டிகளில் சூடு தாண்டினால் நிறம் மாறும் ஒட்டு. விநியோகஸ்தர் எங்கள் பெட்டிகளை ஏ.சி. அறையின் ஓரத்துக்கு மாற்றிவிட்டார், சொல்லாமலே. சோதனைப் பட்டியலில் மூப்பு, 37 டிகிரி, வளைவு மூன்றும் ஒரே பீஸில் என்று ஒரு வரி ஏறியிருக்கிறது. தினசரி லாட் சோதனையும் தொட்டிக்கு மாறியது. முணுமுணுப்பு இருந்தது, ஒரு பீஸுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகிறது.

புது வடிவம் மூத்த பிறகு, வளைவில், 37 டிகிரியில் கொடுத்தது 1.9. பிளந்து பார்த்தால் பாய்த்தடம் இன்னும் இருக்கிறது, மேலோட்டமாக. வரப்பு இல்லை.

அந்த டாக்டரை ஓசூருக்கு அழைத்துத் தொட்டியில் இழுத்துப் பார்க்கச் சொன்னோம். ஐந்து பீஸ் இழுத்தார். முதல் குதி ஐந்திலும் இல்லை. ஆனால் மூன்றாவதில், கடைசி வால் வெளிவரும்போது ஸ்டென்ட் லேசாக முன்னால் துள்ளியதைப் பார்த்துவிட்டார். "இது என்ன?" என்றார்.

"மாங்கொட்டை சார்" என்றாள் தொட்டிப் பக்கம் நின்றிருந்த டிரெய்னிப் பெண். டாக்டர் சிரித்துவிட்டார்.

மொபைலில் ஸ்லோமோஷனில் எடுத்து அளந்ததில் 1.5 மி.மீ. கடைசிப் பட்டையை வாலுக்கு இன்னும் 3 மி.மீ. அருகே நகர்த்திய பீஸ்கள் இப்போது அடுப்பில் இருக்கின்றன. 91 நாளில் 34 முடிந்திருக்கிறது.